பன்னிரண்டு நிமிடம் அசையாமல்

மார்ச் 4

டாக்டரம்மாவுக்கு,

இங்கே நான் ஒருவன் சுகம். அங்கே நீயும் ஒருத்தியாகச் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. போனில் பேசினால் நாலாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். இந்த இரண்டு வருடத்தில் எத்தனை தடவை பார்த்தாயிற்று! கடிதமென்றால் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். நம்முடைய ஸ்கேன் மெஷினைக் கழற்றி எடுக்கப் போகிறார்கள். ‘நம்முடைய’ என்று எழுதிவிட்டேன், அடிக்க மனசு வரவில்லை. பதினாறு வருடம் நான் ஓட்டினேன். அதில் ஆறு வருடம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், என் இடது கைப்பக்கம், நீயும் உட்கார்ந்திருந்தாய். புது மெஷினுக்கு ஆட்களையும் அவர்களே அனுப்புகிறார்களாம். என்னை வேறு ஊரில் இருக்கும் கிளைக்கு, எக்ஸ்ரே பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். குவார்ட்டர்ஸ் சாவியை ஏப்ரல் இருபதாம் தேதி ஒப்படைக்க வேண்டும்.

கண்ட்ரோல் ரூம் அலமாரியைக் காலி செய்கிறேன். உன் ஆராய்ச்சிக்கு வந்த நாற்பது பேருடைய படிவங்கள் கட்டாக இருக்கின்றன. எந்தத் தேதியில் வந்தவருக்கு என்ன எண் என்று ரெக்கார்டு பிரிவு அம்மா எழுதிய பட்டியல் சீல் வைத்த கவரில் இருக்கிறது. என்னுடைய குறிப்பு நோட்டும் இருக்கிறது. கிழித்துப் போடவா, அனுப்பவா?

வீட்டில் உன் சாமான் இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு குளிர்கோட்டு, பிடி உடைந்த அந்த நீலக் கப். கப்பைத் தூக்கிப் போடவிடமாட்டாய், எடுத்துக்கொண்டும் போகமாட்டாய். என்ன செய்யட்டும் என்று எழுது. வேலைக்காக அந்த ஊருக்குப் போவதை டிக்கெட்டைக் காட்டித்தான் எனக்குச் சொன்னாய், இதையாவது முன்கூட்டிச் சொல்.

இப்படிக்கு,
குழாய்க்காரன்
(நீ வைத்த பேர் ஆஸ்பத்திரி முழுக்க ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் இன்னும் வரவில்லை.)


மார்ச் 11

அன்புள்ள குழாய்க்காரருக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இங்கே யாருக்கும் தபால் வருவதில்லை. பக்கத்து அறையில் இருப்பவர்கூட எனக்கு மின்னஞ்சல்தான் அனுப்புகிறார். போன ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். அன்று முழுக்க என்னோடு பேசியது லிஃப்ட் மட்டும்தான். “நான்காம் தளம்” என்றது. நான் சாப்பிடுகிறேனா, தூங்குகிறேனா என்று ஒரு வரி நீங்கள் கேட்கவில்லை. அதையும் எண்ணினேன்.

எதையும் கிழிக்காதீர்கள். காரணம் சொல்கிறேன்.

என் கட்டுரை உங்களுக்கு நினைவிருக்கும். மூளையில் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்கும் பகுதிகள்கூடச் சும்மா இருக்கும்போது ஒரே தாளத்தில் ஏறி இறங்கும். அப்படிச் சேர்ந்து ஏறி இறங்கினால் அவற்றுக்குள் இணைப்பு இருக்கிறது என்போம். நாற்பது பேரை ஸ்கேன் குழாய்க்குள் படுக்கவைத்துப் படமெடுத்தோம். துணை இல்லாமல் வாழ்கிறவர்களின் மூளையில் அந்தத் தூரத்து இணைப்புகள் தளர்ந்திருக்கின்றன என்று எழுதினேன். தனிமை மூளையின் நீண்ட நூல்களை அறுக்கிறது என்று பத்திரிகைகள் அதை இன்னும் ஊதிப் போட்டன. நான் இங்கே வந்த பிறகு இந்தக் குழுவின் தலைமை நாற்காலியை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அந்தக் கட்டுரைதான்.

இப்போது வேறொரு குழு அதே ஆராய்ச்சியை முந்நூறு பேரை வைத்துச் செய்திருக்கிறது. அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மிக மரியாதையாக ஒரு கேள்வி கேட்கிறார்கள்: உங்கள் ஆட்கள் தலையை அசைத்தார்களா?

தலை ஒரு நகத்தின் கனம் அசைந்தால் போதும். பக்கத்துப் பகுதிகள் நெருங்கின மாதிரியும், தூரத்துப் பகுதிகள் அறுந்த மாதிரியும் படம் பொய் சொல்லும். அவ்வளவு சின்ன அசைவைப் பொருட்படுத்த வேண்டாம் என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தோம். நேற்று மறுபடி பார்த்தேன். துணையில்லாதவர்கள்தான் அதிகம் அசைந்திருக்கிறார்கள். எல்லாம் மேலும் கீழுமாகச் சின்னச் சின்ன அசைவு. அசைந்தார்கள் என்று கணினி சொல்கிறது, ஏன் என்று அதற்குத் தெரியாது. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

கப் அங்கேயே இருக்கட்டும்.

அன்புடன்,
டாக்டரம்மா


மார்ச் 17

டாக்டரம்மாவுக்கு,

சாப்பிட்டாயா? தூங்குகிறாயா? கேட்டுவிட்டேன், கணக்கைத் தீர்த்துக்கொள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் விஷயம் புரிந்தது. அவர்கள் தலையாட்டியது என்னால்தான்.

யார் எந்தக் கட்சி என்று நம் இருவருக்கும் தெரியக் கூடாது என்று நீ கண்டிப்பாகச் சொல்லியிருந்தாய். பேரையும் தேதியையும் நீக்கித்தான் படங்களை உன்னிடம் கொடுத்தார்கள். ஆனால் வாசலில் நின்றவன் நான். உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது இல்லையா? சாவி, பெல்ட், மோதிரம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். துணையோடு வந்தவர்கள் துணையிடம் கொடுப்பார்கள். தனியாக வந்தவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் கையில் கொடுப்பார்கள். இதற்கு மேல் எனக்குப் படிவம் எதற்கு?

தையல்காரம்மா ஒருத்தி வந்தாள். சாவிக்கொத்தை என் கையில் வைத்தவள் விடவே இல்லை. “நான் வெளிய வர்றதுக்குள்ள நீங்க எங்கயும் போயிட மாட்டீங்களே?” என்றாள். “எங்கம்மா போகப்போறேன், இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருப்பேன்” என்றேன். குழாய்க்குள் போனதும் அவள் கால் விரல் நடுங்குவது தெரிந்தது. பேசும் பட்டனை அழுத்தி, “இருக்கேம்மா, இன்னும் ஆறு நிமிஷம்தான்” என்று சொன்னேன். பேசக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். அவள் பேசவில்லை. தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, “பாதி முடிஞ்சிருச்சு” என்றேன். அதற்கும் ஆட்டினாள்.

ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் இருந்தார். வெளியே வந்ததும், “மூணு நாளா யாரும் எங்கிட்ட இவ்வளவு நேரம் பேசலப்பா” என்றார். நான் பேசினது நாலு வாக்கியம்.

அப்படித் தனியாக வந்த எல்லோரிடமும் பேசினேன். துணையோடு வந்தவர்களிடம் பேசத் தோன்றவில்லை. நீ அந்த நேரமெல்லாம் உள்ளறையில் முந்தின நாள் படங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். பேசின நேரமெல்லாம் நோட்டில் இருக்கிறது. நான் தப்புச் செய்துவிட்டேனா? மறைக்காமல் சொல்.

இப்படிக்கு,
குழாய்க்காரன்


மார்ச் 22

உங்களுக்கு,

ஆம். தப்புத்தான்.

நீங்கள் அதை இரக்கம் என்று நினைத்துச் செய்திருப்பீர்கள். ஆராய்ச்சியில் அதற்குப் பேர் குறுக்கீடு. பாதிப் பேரிடம் பேசி, மீதிப் பேரிடம் பேசாமல் விட்டு, அந்த வித்தியாசத்தை நான் மூளையின் வித்தியாசம் என்று உலகத்துக்கே சொல்லியிருக்கிறேன். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே? ஒரே வீட்டில்தானே இருந்தோம்!

கோபத்தில் எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். ஜூன் மாதம் என் பதவியை நீட்டிப்பதா என்று முடிவு செய்வார்கள். என்னை நம்பி ஆறு பேர் இங்கே வேலை செய்கிறார்கள். அதில் ஒருத்தி போன மாதம்தான் ஊரைக் காலி செய்துவிட்டு வந்தாள்.

தனியாக இருப்பவர்கள் இயல்பிலேயே அதிகம் அசைவார்கள், அசைவும் தனிமையின் ஒரு பகுதிதான் என்று நான் வாதாட முடியும். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். உங்கள் நோட்டு இல்லாவிட்டால் இது ஒரு விவாதமாகவே ஓடும். இருந்தால் அன்றைக்கே முடிந்துவிடும்.

அந்த நோட்டைக் கிழித்துவிடுங்கள். கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.


மார்ச் 28

டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தில் கையெழுத்து இல்லை. இருந்தாலும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நீ கேட்டபடி கிழிக்கத்தான் உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் தையல்காரம்மா. அடுத்ததில் லாரி டிரைவர். தன் வீட்டுச் சாவியை முன்பின் தெரியாத என் கையில் கொடுத்தவர்களின் பக்கங்கள் அவை. பதினெட்டுப் பக்கம் இருக்கிறது, என்னால் ஒன்றைக்கூடக் கிழிக்க முடியவில்லை.

அதனால் நோட்டையும் படிவக் கட்டையும் சீல் வைத்த கவரையும் இதோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை, சத்தியம். யாரிடமும் சொல்லவும் இல்லை. கிழிப்பதென்றால் உன் கையால் கிழி. நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

இவர்கள் மூளையில் நூல் அறுந்துபோய்விட்டது என்று பத்திரிகையில் வந்த அன்று, அந்தத் தாளைத் தையல்காரம்மா கையில் எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். அப்போது நீ அந்த ஊருக்குப் போய்விட்டிருந்தாய். “எனக்கும் அறுந்துடுச்சா, குழாய்க்காரரே?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இன்று வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்துக்கொண்டே ஒட்டுகிறேன் இந்தக் கவரை.

இப்படிக்கு,
குழாய்க்காரன்


ஏப்ரல் 9

அன்புள்ள உங்களுக்கு,

தையல்காரம்மாவைப் பார்த்தால் அறுபடவில்லை என்று சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். அதை வெளியிட்ட ஆராய்ச்சி இதழுக்கு நேற்று எழுதிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். உங்கள் நோட்டில் இருக்கும் நேரங்களையும் தலை அசைந்த நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நீங்கள் பேசின மூன்று விநாடிக்குள் ஒவ்வொரு தலையும் அசைந்திருக்கிறது. ஒருவர் விடாமல் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

என் கீழே இருக்கும் ஆறு பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன். புதிதாக வந்த பெண் மட்டும் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஜூனில் என்ன ஆகும் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்கில்லை.

அந்த நாற்பது பேரில் ஒருவரை நான் நீக்கியிருந்தேன். எண் முப்பத்தொன்று. ‘தொழில்நுட்பக் காரணங்களால் ஒருவர் சேர்க்கப்படவில்லை’ என்று அடிக்குறிப்பு போட்டேன். உண்மையான காரணம், அவர் என் முடிவுக்கு ஒத்துவரவில்லை. கேள்வித்தாளில் எல்லோரையும்விட அதிகத் தனிமை அவருக்குத்தான், அறுபதுக்கு ஐம்பத்து நாலு. ஆனால் அவர் மூளையில் தூரத்து இணைப்புகள் ஒன்றுகூடத் தளரவில்லை. மெஷின் ஏதோ கோளாறு செய்திருக்கிறது என்று தள்ளிவிட்டேன். இப்போது பார்த்தால் நாற்பது படங்களில் மிகச் சுத்தமான படம் அதுதான். பன்னிரண்டு நிமிடத்தில் அந்தத் தலை ஒரு மயிரிழை அசையவில்லை.

கவரைப் பிரித்து முப்பத்தொன்றின் தேதியைப் பார்த்தேன். உங்கள் நோட்டில் அந்தத் தேதியைத் தேடினேன். அந்தப் பக்கத்தில் உங்கள் கையெழுத்து இல்லை. என் கையெழுத்து இருந்தது. ‘ஆரம்பம் 9.40. முடிவு 9.52. பேச்சு இல்லை.’

அன்று வர வேண்டியவர் வரவில்லை. “ஸ்லாட் வீணாப் போகுது, நீங்களே படுத்துடுங்களேன்” என்று சொன்னேன். சட்டத்துக்காக ஒரு படிவத்தையும் நீட்டினேன். நீங்கள் நிஜமாகவே அதை நிரப்புவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. பன்னிரண்டாவது கேள்வி: ‘ஒரு நாள் முழுக்க நீங்கள் பேசாமல் இருந்தால் அதைக் கவனிக்க வீட்டில் யாராவது இருக்கிறார்களா?’ நீங்கள் ‘இல்லை’ என்று டிக் செய்திருக்கிறீர்கள். அன்று காலை நான்தான் உங்களுக்குக் காபி கலந்து கொடுத்தேன். எதிரே உட்கார்ந்துதான் குடித்தேன்.

இந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு நேற்று ஆபீஸ் கழிவறையில் நின்று அழுதேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அன்று என் பையில் இந்த ஊர் வேலைக்கான ஆர்டர் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உங்கள் பாதம் மட்டும் தெரிந்தது. முகத்துக்கு நேரே சொல்ல வராததை இப்படியாவது சொல்லிவிடலாம் என்று பட்டனை அழுத்தினேன். ‘எனக்கு வேலை கிடைச்சிருக்கு, என்கூட வர்றீங்களா?’ என்று கேட்க வந்தேன். வாய் வரவில்லை. விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து டிக்கெட்டைத்தான் காட்டினேன்.

நான் வரட்டுமா? இருபதாம் தேதிக்கு முன்னால் வந்துவிடுகிறேன்.

உங்கள்
டாக்டரம்மா


ஏப்ரல் 14

டாக்டரம்மாவுக்கு,

தையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். “அதான் எனக்குத் தெரியுமே” என்றாள். ஆனாலும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நீ நல்ல காரியம் செய்தாய். உன் இடத்தில் நான் இருந்தால் செய்திருப்பேனா என்று தெரியவில்லை.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்று கோபத்தில் சொல்லவில்லை, கேள். தப்பைத் திருத்த வருகிறவர்கள் தப்புத் திருந்தினதும் கிளம்பிவிடுவார்கள். கட்டுரையைத் திருத்த உனக்குத் தெரியும். நானும் அந்த மாதிரி ஒரு வேலையாக உன் மேசைக்கு வர விரும்பவில்லை. சாமான்களைப் பார்சலில் அனுப்பிவிடுகிறேன். கப்பைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

முழுப் பழியையும் நீ தலையில் போட்டுக்கொள்ளாதே. பயமாக இருந்தால் அழுத்தச் சொல்லி எல்லோர் கையிலும் ஒரு ரப்பர் பந்து கொடுப்போமே, அன்று அது என் கையிலும் இருந்தது. பன்னிரண்டு நிமிடமும் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன். ஒரு தடவை அழுத்தியிருந்தால் நீ ஓடி வந்திருப்பாய். நானும் அழுத்தவில்லை. வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

இன்னொன்று. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டதால் நீ எந்தப் பக்கம் இருக்கிறாய் என்றே எனக்குத் தெரியவில்லை. காது மட்டும்தான் வேலை செய்தது. பட்டனை அழுத்தினால் ஹெட்போனில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அன்று அது எனக்கு இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் நீ பேசப்போகிறாய் என்று காத்திருந்தேன். பேசினால் தலையாட்ட வேண்டும் என்று தயாராகவே இருந்தேன்.

முதல் தடவை என்ன சொல்ல வந்தாய் என்று இப்போது தெரிந்துவிட்டது. இரண்டாவது தடவை என்ன சொல்ல வந்தாய்? அதை மட்டும் எழுது. வேறெதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
குழாய்க்காரன்


ஏப்ரல் 17

அன்புள்ள உங்களுக்கு,

இதற்கு முன்னால் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருந்தேன். ஒன்றில் ‘மன்னிச்சுடுங்க’ என்று சொல்ல வந்தேன். ஒன்றில் ‘வேலை வேண்டாம், இங்கேயே இருக்கேன்’ என்று சொல்ல வந்தேன். மூன்றாவதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. மூன்றும் அழகாக இருந்தன. படித்தபோது எனக்கே கண் கலங்கியது.

ஆனால் நடந்தது வேறு. அன்று நேரம் எழுத உங்கள் நோட்டை என் பக்கம் இழுத்தேன். முழங்கை பட்டனில் பட்டது. அவ்வளவுதான். இரண்டாவது தடவை நான் எதுவும் சொல்ல வரவில்லை.

அதற்காக நீங்கள் காத்திருந்தீர்கள் என்று படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நல்லதாக ஒரு பதில் எழுதியிருக்கலாம். எழுதினால் நீங்கள் அங்கே உட்கார்ந்து தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படி ஆட வைத்த தலைகளை வைத்து ஒரு தடவை பேர் வாங்கியாயிற்று. போதும்.

முதல் தடவை அழுத்தியது நிஜம். கேட்க வந்ததும் நிஜம்.

இனி வரட்டுமா என்று கேட்கமாட்டேன். புது ஊரில் குளிர் அதிகம் என்கிறார்கள். என் கோட்டைப் பார்சலில் போடாதீர்கள், தோளில் கொஞ்சம் பிடித்தாலும் பரவாயில்லை, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்
டாக்டரம்மா


ஏப்ரல் 21

டாக்டரம்மாவுக்கு,

முழங்கைதான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அந்த மேசையில் பதினாறு வருடம் உட்கார்ந்தவன் நான். விரலால் அழுத்திப் பிடித்தால் ஹெட்போனில் லேசாக ஓர் இரைச்சல் தொடரும், மூச்சு விடுவதுகூடக் கேட்கும். முதல் தடவை உன் மூச்சு கேட்டது. இரண்டாவது தடவை ‘டிக்’ மட்டும்தான். தெரிந்தும் காத்திருந்தேன். தெரிந்தும்தான் உன்னைக் கேட்டேன். அதற்கு என்னைத் திட்டுவதென்றால் திட்டு.

நேற்று மெஷினை எடுத்துவிட்டார்கள். அந்த அறை இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது.

சாவியை நான் ஒப்படைக்கவில்லை. பத்து நாள் கூடுதலாகக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்சலும் போடவில்லை. கோட்டு எனக்குத் தோளில் ஏறவே இல்லை. நீயே வந்து எடுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன்.

குழாய்க்காரன்